நீச்சலில் தேர்ந்த செல்வி ஏஞ்சல்

அந்த வரியை டைப் அடித்தது நான்தான். அதனால் வேறு யார்மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

'கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவரும் நீச்சலில் தேர்ந்தவருமான செல்வி ஏஞ்சல் பயணம் முழுவதும் உடன் வருவார்.' எங்கள் முதலாளி கஸ்தூரிரங்கன் சார் தம் கைப்பட எழுதிக்கொடுத்த நோட்டீஸில் ஒன்பதாவது வரி அது. 'கோதாவரியில் மூன்று நாள் உல்லாசப் படகுப் பயணம்' என்று தலைப்பு. எட்டு வரிகளைத் தடதடவென்று அடித்துவிட்டேன். ஒன்பதாவதில் விரல் நின்றது. கடலோடிக் குடும்பம் என்பது சரிதான். பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து நூறு எட்டு வைத்தால் அலை. ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. இருபத்தொன்பது வயதுவரை நான் ஒரு படகில் கால் வைத்ததுகூட இல்லை.

சார் என்னை எதுவும் கேட்கவில்லை. குப்பத்துப் பெண் என்றால் தவழும்போதே நீந்தியிருப்பாள் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே ஐம்பத்தாறு வயதைத் தொட்டவர். கடல் அவருக்குச் சாயங்காலம் காற்று வாங்கும் இடம். எங்கள் பக்கத்தில் பெண்கள் படகில் ஏறக்கூடாது, கரையில் சும்மா கிடக்கிற கட்டுமரத்தைக்கூடத் தாண்டக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? பெண்ணின் கால் பட்டால் வலையில் மீன் விழாது என்று என் அப்பா நம்புகிறார். தாத்தா நம்பினார். தம்பி பிரசாத் பத்தாவது ஃபெயிலாகிக் கடலுக்குப் போக ஆரம்பித்த அன்றைக்கே நம்ப ஆரம்பித்துவிட்டான். மீனை விற்பது நாங்கள். ஐஸுக்கு அலைவது நாங்கள். படகு மட்டும் அவர்களுடையது.

எழுந்து போய், "சார், ஒரு சின்னத் திருத்தம்" என்று சொல்லியிருக்கலாம். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவே ஒரு பீரோதான். நான் போகவில்லை. ஒன்பதாவது வரியையும் அடித்து அச்சுக்கு அனுப்பினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பின்பக்கம், அந்த யாத்திரைக் கம்பெனியில் எனக்கு அது ஒன்பதாவது வருஷம். காசி, கயா, பத்ரிநாத் என்று எத்தனையோ ஆயிரம் பேருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்குக் காபி கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் போன தூரம் வேளாங்கண்ணி வரைக்கும்தான். ஒன்பது வருஷமாக மற்றவர்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வயிற்றெரிச்சல். அதற்கு நாகரிகமான வேறு பெயர் கிடையாது.

இந்த நேரத்தில்தான் படகு மோகம் வந்து சேர்ந்தது. தொண்ணூற்று ஐந்தில் லேசாக ஆரம்பித்தது. பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் போய்வந்த மாமா மாமிகள் ஆல்பத்தோடு ஆபீஸுக்கு வந்தார்கள். ரைன் நதியில் வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல், அதன் மேல்தளத்தில் குல்லாயும் மஃப்ளருமாக இவர்கள். "பெட்டியைத் தூக்கிண்டு ஏறி எறங்க வேண்டாம், ஏஞ்சல். நாம பாட்டுக்கு உக்காந்துண்டிருக்கோம், ஊர் நம்மைத் தேடிண்டு வரது" என்று கண்ணை உருட்டிச் சொன்னார்கள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களின் காதில் போட்டார்கள். ஆலப்புழையில் படகு வீட்டில் தங்கலாமா, அசாமில் இதுபோல ஏதாவது உண்டா என்று ஃபோனுக்கு மேல் ஃபோன். கயாவுக்கு ஆள் சேர்க்க நாக்குத் தள்ளிக்கொண்டிருந்த சார், ஆறு என்றதும் ஜனங்கள் துள்ளுவதைப் பார்த்துக் கோதாவரியைப் பிடித்தார். ராஜமுந்திரியில் லாஞ்ச் என்னும் பெரிய மோட்டார்ப் படகில் ஏறி, பாபிகொண்டலு மலைகளுக்கு நடுவே போய், பத்ராசலத்தில் இறங்கி ராமரைச் சேவித்துவிட்டு வருவது. உல்லாசத்துக்கு உல்லாசம், புண்ணியத்துக்குப் புண்ணியம். வழக்கமாக வரும் சமையல்காரர் சுயம்புலிங்கம் அண்ணன் தன் ஆட்களோடு கூட வருவார். பொங்கல் கழிந்து புறப்பாடு.

லாஞ்சுக்காரரைப் பிடித்து, எஸ்.டி.டி. போட்டுப் பேசி, எல்லாம் ஏற்பாடு செய்தது நான். என் அம்மா கெங்கம்மா பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திராக்காரி. கல்யாணத்தில் ஞானஸ்நானம் கொடுத்து வேறு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. அவள் பேசிப் பேசி எனக்கும் தெலுங்கு வரும். நோட்டீஸில் 'தெலுங்கு அறிந்த செல்வி ஏஞ்சல்' என்று போட்டிருந்தால் அத்தனையும் உண்மை. சார் நீச்சலைப் போட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். வாயைத் திறந்தால் மறுபடியும் பன்னிரண்டாம் நம்பர் பஸ்தான்.

இரண்டே வாரத்தில் முப்பத்தோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருவர் விஜயலக்ஷ்மி மாமி. மந்தைவெளிக்காரர், அறுபத்தொரு வயது, பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். நோட்டீஸைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீதானே ஏஞ்சல்? உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். எனக்குத் தண்ணின்னா குலை நடுக்கம். போன வருஷம் பிள்ளை ரைன்ல கூட்டிண்டு போனான். நாலு நாளும் அறைக்குள்ளயே கர்ட்டனை இழுத்து விட்டுண்டு உக்காந்திருந்தேன். மாமா மேல நின்னுண்டு போட்டோ எடுத்தார். ரைனை நான் ஆத்துக்கு வந்து ஆல்பத்துலதான் பார்த்தேன். மிதக்கறது எப்படின்னு முப்பத்தோரு வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன். ஒரு நாள்கூட நம்பினதில்லை." சிரித்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவை மேல்தளத்துல உக்காரணும்னு வைராக்கியம். நீ இருக்கேன்னு போட்டிருந்தது. அதைப் படிச்சுட்டுத்தான் பணம் கட்டினேன்."

அதுவரை என் பொய் எனக்கு ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. மாமியின் கை சில்லென்று இருந்தது. அன்றே நிச்சயம் செய்தேன். வரியை மாற்ற முடியாது. ஆளை மாற்றிவிடலாம். புறப்பாட்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் நீச்சலில் தேர்ந்துவிடுவது.

தம்பி கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"பிரசாத்து, எனுக்கு நீச்சல் கத்துக்குடுடா."

"இன்னாத்துக்கு?"

"போட்டுல போப்போறேன். ஆத்துல. ஆபீஸ் வேல."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போட்டுலயா? நைனா காதுல வுயுந்துச்சு, அவ்ளோதான். பொம்பளைக்கு இன்னாத்துக்குக்கா நீச்சலு? போய் வேலயப் பாரு." எழுந்து போயே போய்விட்டான்.

அம்மா கூடையைக் கழுவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கொட்டிக் கூடையைக் கவிழ்த்தாள். "மெய்யாலுமே போட்டுல குந்திக்கினு போவியா?" என்றாள்.

"ஆமா. மூணு நாளு."

"நாப்பது வர்சமா போட்டு எப்போ வரும்னு கரைல குந்திக்கினு கீறேன். உள்ள குந்தினா எப்டி கீதுன்னு இந்த ஆம்பளைங்க ஒருத்தனாச்சும் சொல்லியிருக்கானா?" அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் முன்பு கேட்டதில்லை. "நீ போ. உங்க நைனாவாண்ட நான் பேசிக்கிறேன்."

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு என்று சொன்னார்கள். டிசம்பர் மாதம், விடாத மழை, பல் கிட்டும் குளிர். அந்த நேரத்தில் அங்கே வருகிறவர்கள் போட்டிக்குப் பழகும் சிறுமிகள், அல்லது என்னைப்போல வேறு வழியில்லாதவர்கள். பயிற்சியாளர் ஜமீலுன்னிசா அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். தொண்டை மட்டும் குளம் முழுக்க இருக்கும். "தண்ணிய ஏம்மா அடிக்கிறே? அது உன்னை என்ன பண்ணிச்சு?" நான் கம்பியைப் பிடித்துக் காலை உதைத்தேன். மூக்கில் தண்ணீர், காதில் தண்ணீர், வயிறு நிறையத் தண்ணீர். கம்பியை விடச் சொன்னால் கை கேட்காது. வாசலில் கடலை வைத்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு இடுப்பளவுக் குளத்தில் உயிர் போய் உயிர் வந்தது.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு நாள். எனக்கு அடுத்தாற்போல் கம்பியைப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்த ஒரு ரப்பர் குல்லாய் மூச்சு வாங்கத் திரும்பியது. அதற்குள்ளே விஜயலக்ஷ்மி மாமி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்போதும் சமாளித்திருப்பேன், சும்மா குளிக்க வந்தேன் என்று அடித்துவிட்டிருப்பேன். அதற்குள், "ஏஞ்சல்! அந்தக் கம்பியை விடு! ரெண்டு வாரமாச்சு, நேத்து வந்த மாமியே விடப் போறாங்க, உனக்கென்ன கேடு?" என்று ஜமீலுன்னிசா அக்கா கரையிலிருந்து போட்டுடைத்தார்.

மாமி உடை மாற்றி வெளியே வந்து, கூரைக்கடியில் ஈரத்தலையைத் துவட்டியபடி நின்றார். நான் கையும் களவுமாகப் பிடிபட்டவளாகப் போய் நின்றேன்.

"ஆத்துல பஜனைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நானும் பொய்தான் சொல்லிண்டு திரியறேன், உன்னை மட்டும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். "ஆனா என் பொய்யால யாரும் முழுகிப் போயிட மாட்டா. அன்னிக்கு உன் கையைப் பிடிச்சுண்டேனே, அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா என்னை அனுப்ப மாட்டாங்க மாமி."

"மாட்டாதான். அதுக்காக?"

நான் ஈரத்துண்டைப் பிழிய ஆரம்பித்தேன். மாமி விடவில்லை.

"நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீயே சொல்லணும். பொங்கலுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங் போடறாரே, அங்க சொல்லு." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் ஆறு மணிக்கு வந்தார். என் பக்கத்துக் கம்பியைப் பிடித்தார். குளத்தில் எங்களுக்குள் வேறு பேச்சில்லை.

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஜெர்மனி வரைக்கும் போய்வந்தவர். ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று. எனக்கு இது ஒன்றுதான். சொல்லப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். சொல்லாமலே நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்த முடிவை மாற்றியது ஒரு ஃபோன்.

ஜனவரி முதல் வாரம் லாஞ்சுக்காரரிடம் பேசினேன். எத்தனை நாற்காலி, எத்தனை பாய் என்று கணக்குக் கேட்டு முடித்தபோது, அன்று காலை மூழ்கி எழுந்த ஞாபகத்தில் வாயில் வந்துவிட்டது: "லைஃப் ஜாக்கெட் எத்தனை வெச்சிருக்கீங்க?"

"எட்டு இருக்கும்மா. டயர் ட்யூப் ரெண்டு இருக்கு" என்றார் தெலுங்கில், வெகு சாதாரணமாக. சாரையும் என்னையும் சமையல் ஆட்களையும் சேர்த்து நாங்கள் முப்பத்தாறு பேர். வேறு வேண்டுமென்றால் பக்கத்து லாஞ்சுகளில் கேட்டு வாங்கலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டும், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

பீரோவைச் சுற்றிக்கொண்டு சார் மேஜைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முப்பத்தாறு ஜாக்கெட்டா? அதை மாட்டிண்டு உக்காந்தா கிளம்பறச்சேயே ஜனங்களுக்கு அபசகுனமாத் தோணாதா? மங்களகரமாப் போயிண்டிருக்கோம், முழுகறதைப் பத்திப் பேசிண்டு!" பிறகு கனிவாகச் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கு? அதான் நீ இருக்கியே."

என்னை நம்பி மேலும் இருபத்தெட்டு ஜாக்கெட் இல்லாமல் ஒரு லாஞ்ச் ஆற்றில் இறங்கப் போகிறது. கம்பியை விட்டு நாலு கை போடத் தெரியாத என்னை நம்பி. அங்கேயே சொல்லியிருந்தால் அவர் வேறு ஓர் ஆளைப் பிடித்து அதே வரியில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார். ஜாக்கெட் எட்டாகவே இருந்திருக்கும். இதை அந்த முப்பத்தோரு பேரிடம்தான் சொல்ல வேண்டும். அன்று மாலை பஸ்ஸில் அழுதேன். அழுதுவிட்டு, என்ன பேசுவது என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.

மீட்டிங் மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கேசரி, மிக்ஸர், காபி. சுயம்புலிங்கம் அண்ணன் மூன்று நாள் மெனுவை வாசித்தபோது கைதட்டினார்கள். வெளிநாட்டுக் கப்பலில் ரொட்டியும் வெண்ணெயும் தின்று காய்ந்து வந்தவர்கள், ஆற்றுக்கு நடுவில் அடையும் வத்தக்குழம்பும் என்றதும் பூரித்துப் போனார்கள். மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்த நல்லசிவம் என்பவர் மட்டும் எதற்கும் அசையாமல், "பாதுகாப்பு ஏற்பாடு என்ன?" என்று கேட்டார். சார் அகலமாகச் சிரித்துக்கொண்டு என்னைக் கைகாட்டினார். "இதோ இருக்காளே நம்ம நீச்சல் புலி!"

எழுந்தேன். டிக்கெட்டில் எழுதியது வியர்வையில் கலைந்திருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். "நோட்டீஸ்ல போட்டது தப்பு. சார் தெரியாம எழுதினார், நான் தெரிஞ்சே டைப் அடிச்சேன். எங்க குப்பத்துல பொம்பளைங்க படகுல ஏறக்கூடாது. நானும் ஏறினதில்லை. இந்த டூர்ல எப்படியாவது போகணும்னு ஆசைப்பட்டு சொல்லாம இருந்துட்டேன்."

மிக்ஸர் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. "ஏஞ்சல், உக்காரு" என்றார் சார். அவர் முகத்தில் ரத்தமில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். லாஞ்ச்ல லைஃப் ஜாக்கெட் எட்டுதான் இருக்கு. நாம முப்பத்தாறு பேர்."

அவ்வளவுதான், ஹால் சந்தைக்கடையாகிவிட்டது. ஒருவர் நோட்டீஸை எடுத்து ஆட்டினார். ஒரு மாமி, "நல்ல நாளும் அதுவுமா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லசிவம் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். "இங்க யாருக்காவது நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குளத்தைச் சுற்றித் தேர் பார்த்தவர்களே தவிர குளத்தில் இறங்கியவர் ஒருவரும் இல்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு கை மேலே போனது. "எனக்குத் தெரியும்" என்றார் விஜயலக்ஷ்மி மாமி. "ஒன்பது நாளாத் தெரியும். குறுக்குவாட்டுல ஒரு தடவை போவேன். திரும்பி வரத் தெரியாது."

பக்கத்தில் இருந்த அவர் கணவர், "பஜனைன்னியே!" என்று கூவினார். ஹாலே சிரித்தது.

நல்லசிவம் சிரிக்கவில்லை. "எல்லாம் சரிம்மா. நீச்சலும் தெரியாது, படகும் தெரியாது. அப்புறம் நீ எதுக்கு வரணும்?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் டிக்கெட்டில் இல்லை.

"எனக்குத் தெலுங்கு தெரியும். லாஞ்சுக்காரர்கிட்ட ஜாக்கெட் எத்தனைன்னு கேட்டது நான்தான். எனக்குப் பயம் இருக்கு, அதனால கேட்டேன். நீச்சல் தெரிஞ்ச ஆள் கேட்டிருக்க மாட்டாங்க. தலைக்கு ஒரு ஜாக்கெட் வரலைன்னா, ராஜமுந்திரிப் படித்துறையிலயே எல்லாரையும் நிறுத்தித் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன். அதுக்கு நீச்சல் தெரிய வேண்டாம் சார்."

நான்கு பேர் அங்கேயே விலகிக்கொண்டார்கள். மற்றவர்கள் காபியை இன்னொரு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, ஜாக்கெட் வந்தால் வருகிறோம் என்றார்கள். மறுநாள் ஆபீஸில் சார் மத்தியானம்வரை பொறுத்துவிட்டு, "என் மானத்தைச் சபையில வாங்கிட்டே" என்றார். பிறகு, "உன் தம்பி நன்னா நீந்துவானோல்லியோ? அவனை அனுப்பேன்" என்றார்.

"அனுப்பலாம் சார். நல்லசிவம் சாரைப் பார்த்து 'இன்னா நைனா'ம்பான். பரவாயில்லையா?"

சார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எனக்கு டிக்கெட் போடச் சொன்னார்.

ராஜமுந்திரியில் திங்கட்கிழமை காலை. ஆற்றின் மேல் பனி. அக்கரை தெரியவில்லை. கோதாவரி அவ்வளவு அகலம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. படித்துறையின் கடைசிப் படியிலிருந்து லாஞ்சுக்கு ஒரு பலகை. அதன் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஜாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள். எண்ணினேன். இருபத்தைந்து. மறுபடியும் எண்ணினேன். நாங்கள் முப்பத்திரண்டு பேர்.

"ஏழு குறையுது" என்றேன் லாஞ்சுக்காரரிடம்.

"அடுத்த துறையில ஏத்திக்கலாம்மா. ஏறுங்க."

"இங்க வந்தாத்தான் ஏறுவோம்."

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடி வந்தார். "ஏஞ்சல், ஏழரைக்கு ராகுகாலம் வந்துடறது. அதுக்குள்ள கிளம்பியாகணும். ஏழுதானே, பெரியவாளுக்கு முதல்ல குடுத்துட்டு…"

நான் பலகையின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏற வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும். முன்னால் லாஞ்ச், கை நீட்டினால் தொடலாம். ஒன்பது வருஷம் காத்திருந்த பொருள். அதற்குள் போகவிடாமல் குறுக்கே உட்கார்ந்திருப்பதும் நானேதான். ஏழும் வராமல் போனால் இவர்களோடு நானும் திரும்ப வேண்டியதுதான். மறுபடி ஒரு டூர் எனக்குக் கிடைக்காது. இருந்தாலும் எழுந்திருப்பதாக இல்லை.

சார் கெஞ்சினார், பிறகு கத்தினார். லாஞ்சுக்காரர் என்னைப் பற்றித் தெலுங்கில் ஏதோ சொன்னார். அதைவிட நல்ல தெலுங்கில் நான் திருப்பிக் கொடுத்தேன். படியில் நின்றிருந்த விஜயலக்ஷ்மி மாமி இறங்கி வந்து பலகையின் கரைப்பக்கத்து முனையில் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "வந்தா போலாம், இல்லேன்னா காபி சாப்பிட்டுட்டு ஊருக்குப் போலாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நல்லசிவம் தன் பெட்டியைப் படியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். கடைசியில் லாஞ்சுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓர் ஆளைச் சைக்கிளில் விரட்டினார்.

ஏழு ஜாக்கெட்டும் வந்தபோது மணி ஏழு நாற்பது. நான் ஒவ்வொன்றாக வாங்கிப் பட்டையை இழுத்துப் பார்த்து அடுக்கினேன். முப்பத்திரண்டு. எழுந்து வழிவிட்டேன்.

ஒருவரும் அசையவில்லை.

சார் கடிகாரத்தைக் காட்டினார். "ராகுகாலம் ஆரம்பிச்சாச்சு. ஒன்பது மணி வரைக்கும் படகுல காலை வைக்கப்படாது." முப்பது பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பௌதிகம் நடத்திய மாமிகூடக் கொஞ்சம் வெட்கத்தோடு படியிலேயே துண்டை விரித்து உட்கார்ந்தார். சுயம்புலிங்கம் அண்ணன் காபிக்கு ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

"அப்ப நீங்க ஒன்பது மணிக்கு வாங்க சார்" என்றேன். "எனக்கு ராகுகாலம் கிடையாது."

ஒரு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். பட்டையை இறுக்கினேன். பலகை முடிகிற இடத்தில் லாஞ்ச் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். அது என் எடைக்கு ஒரு பக்கம் சாய்ந்து, என்னை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்தது. ஏணியைப் பிடித்து மேல்தளத்துக்குப் போனேன். வரிசையாக நாற்காலிகள். முன்வரிசையில், நட்டநடுவில், நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். கரையில் முப்பத்தோரு பேர் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி வரைக்கும் அந்த லாஞ்ச் முழுக்க எனக்கே சொந்தமாக இருந்தது.